கொழும்பில் தொழில்நுட்ப விற்பனை வேலைக்கு வருபவர்களுக்கு: விற்பனை வரவு விதிகளை வாசித்துக் கணக்கிடும் முறை

கொழும்பில் கணினி வன்பொருள், மென்பொருள், கிளவுட் சேவை ஆகியவற்றை விற்கும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்பவருக்குப் பொருள்களைப் பற்றிய பயிற்சி தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு விற்பனை முடிந்ததும் அது யாருடைய பெயரில், எந்தத் தொகையாக, எந்தத் திகதியில் எழுதப்படும் என்பதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர் அரிது. அப்படி எழுதப்படும் தொகையையே இங்கே விற்பனை வரவு என்கிறேன். அலுவலகங்களில் ‘கிரெடிட்’ என்பார்கள். உங்கள் கொமிஷன் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தின் மீது நேரடியாகக் கணக்கிடப்படுவதில்லை, இந்த வரவின் மீதே கணக்கிடப்படுகிறது. ஆகவே எந்தப் பொருளுக்கு அதிக வரவு எழுதப்படுகிறதோ அந்தப் பொருளையே பிரதிநிதி முதலில் எடுத்துப் பேசுவார். அது வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும்.

நானும் என்னுடன் வேலை செய்தவர்களும் இதை, கொமிஷன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்குப் பிரிவில் வரி வரியாக விசாரித்துத்தான் அறிந்துகொண்டோம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி இந்த வேலையைத் தொடங்கும் ஒருவர், வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் இதைக் கற்க நேரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

1. கையெழுத்திடுமுன் கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும், ‘நிறுவனத்தின் திட்டத்திற்கு அமைய ஊக்கத்தொகை வழங்கப்படும்’ என்ற ஒரு வரியும் மட்டுமே பெரும்பாலும் இருக்கும். அந்த வரி குறிப்பிடும் திட்டம் தனி ஆவணம். அதை வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். கேட்க வேண்டியவை இவை:

– நடப்பு ஆண்டுக்கான கொமிஷன் திட்டம், முழுமையாக.
– உங்கள் பெயருக்குரிய இலக்குக் கடிதம், அதாவது நீங்கள் விற்க வேண்டிய தொகையைச் சொல்லும் கடிதம். அல்லது அது எந்தத் திகதிக்குள் தரப்படும் என்ற எழுத்து மூல உறுதி.
– உங்களுக்கு ஒதுக்கப்படும் வாடிக்கையாளர் பட்டியல் அல்லது பிரதேசம்.
– பெயர்கள் மறைக்கப்பட்ட, பழைய மாதாந்தக் கொமிஷன் அறிக்கை ஒன்று.

நான்காவதைத் தர நிறுவனங்கள் தயங்கும். ஆனாலும் கேளுங்கள். அறிக்கை என்று ஒன்று ஒழுங்காக வெளிவருகிறதா என்பதையாவது அந்தக் கேள்விக்கு வரும் பதில் காட்டிக்கொடுத்துவிடும்.

நேர்முகத் தேர்வில் ‘மாதம் இரண்டரை இலட்சம் வரை எடுக்கலாம்’ என்று சொன்னால், அதில் நிலையான தொகை எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வரும் தொகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள். 150,000 ரூபாய் நிலையான சம்பளம், 100,000 ரூபாய் கொமிஷன் என்றால் அது 60க்கு 40 என்ற பிரிப்பு. ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் உங்கள் கையில் இல்லை, இலக்கின் கையில் இருக்கிறது. கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதே சம்பளத்தை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி, புதியவருக்குத் தரப்படும் முற்பணக் கொமிஷன். முதல் சில மாதங்களில் விற்பனை எதுவும் முடியாது என்பதால், சில நிறுவனங்கள் மாதந்தோறும் ஒரு தொகையை முன்கூட்டியே தருகின்றன. அது திரும்ப எடுக்கப்படாத உத்தரவாதமா, அல்லது பின்னர் நீங்கள் உழைக்கும் கொமிஷனில் கழிக்கப்படும் கடனா என்பது திட்டத்தில் ஒரு சொல்லில் இருக்கும். கழிக்கப்படுவதாயின், இடையில் விலகும்போது மீதியை நீங்கள் கட்ட வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

2. வரவு எந்த நாளில் எழுதப்படுகிறது என்று கண்டறிதல்

ஒரே விற்பனைக்கு ஐந்து திகதிகள் இருக்கலாம்: வாடிக்கையாளர் கொள்வனவுக் கட்டளை தரும் நாள், இன்வொய்ஸ் போடும் நாள், பொருத்தி முடித்து வாடிக்கையாளர் ஏற்புச் சான்றில் கையெழுத்திடும் நாள், பணம் வங்கிக்கு வரும் நாள், கிளவுட் சேவையாயின் அதை அவர்கள் உண்மையில் பயன்படுத்தும் ஒவ்வொரு மாதம். உங்கள் நிறுவனம் இவற்றில் எதைப் பின்பற்றுகிறது என்பதே உங்கள் வேலையின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

கொள்வனவுக் கட்டளை வந்த நாளிலேயே வரவு என்றால், பெரிய கட்டளைகளை எப்படியாவது வாங்கிக்கொள்ளும் பழக்கம் அலுவலகத்தில் வளரும்; அது பொருத்தப்பட்டதா, வேலை செய்கிறதா என்பது வேறொரு பிரிவின் கவலையாகிவிடும். ஏற்புச் சான்று வந்தபின்தான் வரவு என்றால், பல மாதங்கள் இழுக்கும் மென்பொருள் திட்டங்களை எவரும் தொடமாட்டார்கள். பெட்டியில் வந்து மறுநாளே ஒப்படைக்கக்கூடிய மடிக்கணினிகளும் பிரிண்டர்களும்தான் விற்கப்படும். பணம் வந்தபின்தான் வரவு என்றால், அரச நிறுவனங்களின் கேள்விப்பத்திரங்கள் பிரதிநிதிகளிடம் அனாதையாகக் கிடக்கும். கேள்விப்பத்திரம் திறந்து, மதிப்பீட்டுக் குழு பார்த்து, ஒப்பந்தம் வழங்கி, பொருள் இறக்குமதியாகிப் பொருத்தப்பட்டு, பணம் வருவதற்குள் நிதியாண்டே மாறிவிடக்கூடும். அதே வாரத்தில் காசோலை தரும் தனியார் நிறுவனத்தை நோக்கித்தான் கால்கள் போகும்.

கால அளவைக் கணக்கிட ஒரு வழி சொல்கிறேன். தை மாதத்தில் கட்டளை கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வர ஆறு வாரம், பொருத்த மூன்று வாரம், அதன்பின் இன்வொய்ஸுக்கு 60 நாள் கடன் தவணை. வாடிக்கையாளர் நாள் தவறாமல் கட்டினாலே வைகாசி நடுப்பகுதி ஆகிவிடும். கொமிஷன் அடுத்த மாதச் சம்பளத்தோடு வந்தால் ஆனி, காலாண்டுக்கு ஒருமுறை என்றால் ஆடி. அதுவரை நிலையான சம்பளத்தில் மட்டும் கொழும்பில் வாழ முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், கட்டளை நாளிலோ இன்வொய்ஸ் நாளிலோ ஒரு பகுதியையாவது தரும் நிறுவனத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. பாதி இன்வொய்ஸிலும் பாதி பணம் வந்ததும் தரும் ஏற்பாடு புதியவருக்கு மிக ஏற்றது என்பது என் எண்ணம்.

கட்டளை நாளில் தரும் நிறுவனங்களில் மீளப்பெறும் விதி ஒன்று கட்டாயம் இருக்கும். வாடிக்கையாளர் கட்டளையை ரத்துச் செய்தாலோ, குறித்த நாள்களுக்குள் பணம் கட்டத் தவறினாலோ கொடுத்த கொமிஷனைத் திரும்ப எடுப்பார்கள். எத்தனை நாள் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த நாள் கடக்கும்வரை அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

3. எந்தத் தொகை வரவாகிறது என்று கணக்கிடுதல்

திட்டத்தில் மிக ஊன்றி வாசிக்க வேண்டிய பகுதி இதுதான். கொழும்பில் உள்ள நிதி நிறுவனமொன்றுக்குத் தரவுகளைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது என்று கொள்வோம். இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, சேர்வரும் நிரந்தர லைசன்ஸும் சேர்த்து ஒரே தடவையில் 120 இலட்சம் ரூபாய். இதில் நிறுவனத்தின் மொத்த இலாபம் 8 சதவீதம். இரண்டாவது, மாதம் 3.5 இலட்சம் ரூபாய் வீதம் 36 மாத கிளவுட் சந்தா, மொத்தம் 126 இலட்சம். இலாபம் 15 சதவீதம். வாடிக்கையாளரின் பையிலிருந்து போகும் தொகை ஏறத்தாழ ஒன்றே. இனி விதியை மாற்றிப் பார்ப்போம்.

ஒப்பந்தத்தின் முழுப் பெறுமதிக்கு வரவு என்றால், 120க்கு எதிரே 126. பிரதிநிதிக்கு இரண்டும் ஏறத்தாழ சமம். அவர் வாடிக்கையாளரின் தேவையைப் பார்த்துப் பேசக்கூடிய நிலையில் இருக்கிறார். ஆனால் ஆண்டுகள் கூடக்கூட வரவு கூடுவதால், ஓராண்டு போதும் என்ற வாடிக்கையாளரையும் மூன்றாண்டுக்கு, ஐந்தாண்டுக்கு இழுக்கும் ஆசை வரும்.

முதலாண்டுப் பெறுமதிக்கு மட்டும் வரவு என்றால், 120க்கு எதிரே 42. இந்த விதியுள்ள இடத்தில் கிளவுட் விற்கப்படாது. முகாமையாளர் கூட்டத்துக்குக் கூட்டம் கிளவுட்டைப் பற்றிப் பேசினாலும், மேசையில் வைக்கப்படும் கொட்டேஷன் சேர்வருக்கானதாகவே இருக்கும்.

மொத்த இலாபத்தின் மீது வரவு என்றால், சேர்வருக்கு 9.6 இலட்சம், சந்தாவுக்கு மூன்றாண்டுக்கும் சேர்த்து 18.9 இலட்சம், முதலாண்டுக்கு மட்டும் என்றால் 6.3 இலட்சம். ஆக, ‘இலாபத்தின் மீது’ என்று எழுதியிருந்தால் ‘எத்தனை ஆண்டு இலாபம்’ என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. இதைக் கேட்காமல் விட்டவர்கள் பலர்.

பயன்பாட்டின் மீது வரவு என்றால், கையெழுத்தான மாதத்தில் பூச்சியம். மைக்ரோசொஃப்டின் அசூர், அமேசனின் ஏடபிள்யூஎஸ் போன்ற கிளவுட் சேவைகளில் வாடிக்கையாளர் பயன்படுத்திய அளவுக்கே கட்டணம் என்பதால், வரவையும் அந்த அளவிலேயே எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கே பிரதிநிதி கையெழுத்துக்குப் பின்னும் வாடிக்கையாளரோடு இருந்து, வேலைகளை ஒவ்வொன்றாகக் கிளவுட்டுக்கு மாற்ற உதவ வேண்டும். வாடிக்கையாளருக்கு நல்ல விதி. பொறுமையும் சேமிப்பும் இல்லாத புதியவருக்குக் கடினமான விதி.

விலைக்கழிவு கொடுக்கும்போதும் இந்த வேறுபாடு கடுமையாக வேலை செய்யும். 100 இலட்சம் ரூபாய் விற்பனையில் அடக்கவிலை 88 இலட்சம் என்றால் இலாபம் 12 இலட்சம். வாடிக்கையாளர் கேட்ட 5 சதவீதக் கழிவைக் கொடுத்தால், விற்பனைத் தொகையின் மீதான வரவு 95 இலட்சமாகக் குறையும், அவ்வளவுதான். இலாபத்தின் மீதான வரவோ 12 இலட்சத்திலிருந்து 7 இலட்சமாக, அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலாக வீழ்ந்துவிடும். விற்பனைத் தொகை விதியுள்ள அலுவலகத்தில் விலைக்கழிவு தண்ணீராக ஓடுவதற்கும், இலாப விதியுள்ள அலுவலகத்தில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் வாதாடுவதற்கும் காரணம் ஆள்களின் குணம் அல்ல.

இரண்டு சிறிய குறிப்புகள். பெறுமதி சேர் வரி 2024 தை 1 முதல் 18 சதவீதம்; அதையும் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு அறவீட்டையும் நீக்கிய தொகைக்கே வரவு எழுதப்படும் என்று எண்ணிக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் ஒருபோதும் பொருந்தாது. அடுத்தது நாணயம். இலக்கு டொலரில் இருந்து, கொட்டேஷன் ரூபாயில் இருந்தால், 150 இலட்சம் ரூபாய் விற்பனை, டொலர் 300 ரூபாயாக இருக்கையில் 50,000 டொலர். 320 ஆனதும் 46,875 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்திற்குள் 350ஐக் கடந்த நாட்டில் இருக்கிறோம். எந்த நாளின் மாற்றுவீதம் எடுக்கப்படும் என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

4. வாசல், வேகம், நிறை

வரவு எழுதப்பட்டாலும் உடனே பணமாவதில்லை. ஆண்டு இலக்கு 600 இலட்சம் ரூபாய், இலக்கை எட்டினால் கொமிஷன் 12 இலட்சம் என்றால் அடிப்படை வீதம் 2 சதவீதம். பல திட்டங்களில் ஒரு வாசல் இருக்கும்: இலக்கில் 60 சதவீதத்தைத் தொடாவிட்டால் எதுவுமே இல்லை. இலக்கைத் தாண்டியபின் வேகம் கூடும்: மேலதிக விற்பனைக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 3 சதவீதம்.

இதன்படி 350 இலட்சம் விற்றவருக்குக் கொமிஷன் இல்லை. 360 இலட்சம் விற்றவருக்கு 7.2 இலட்சம். அந்தக் கடைசிப் பத்து இலட்சம் ரூபாய் விற்பனை, ஒருவரின் ஆண்டுக் கொமிஷனில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. 700 இலட்சம் விற்றவருக்கு 15 இலட்சம். ஆண்டு இறுதியில் ஒரு பிரதிநிதி அளவுக்கு மீறி விலையைக் குறைத்து, வாடிக்கையாளரை அவசரப்படுத்துவதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வாசலை எட்ட வழியே இல்லை என்று உணர்ந்தவர் முடியக்கூடிய விற்பனையையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதன் பின்னாலும் இதுவே இருக்கிறது. வாசல் ஆண்டுக்கு ஒருமுறையா, காலாண்டுக்கு ஒருமுறையா என்று கேளுங்கள். காலாண்டு வாசல் புதியவரைக் கடுமையாகத் தாக்கும்.

உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிப்படையான உச்சவரம்பு இல்லாத திட்டத்திலும், ‘எதிர்பாராத பெரிய விற்பனைகளை முகாமைத்துவம் மீளாய்வு செய்யலாம்’ என்ற வரி இருந்தால் அதுவே உச்சவரம்பு.

பொருளுக்குப் பொருள் நிறை, அதாவது விற்பனைத் தொகையைப் பெருக்கி வரவாக்கும் எண், மாறும் திட்டங்களும் உண்டு. புதிய கிளவுட் சேவைக்கு 1.5, வன்பொருளுக்கு 0.5 என்று வைத்தால், 40 இலட்சம் ரூபாய் கிளவுட் விற்பனை 60 இலட்சம் வரவாகும். 100 இலட்சம் ரூபாய் வன்பொருள் 50 இலட்சம் வரவாகும். தயாரிப்பு நிறுவனம் எதை விற்கச் சொல்லி அழுத்துகிறது என்பதை இந்த அட்டவணையில் வாசிக்கலாம். கூட்டங்களில் சொல்லப்படுவதைவிட இது நம்பத்தக்கது. ஆண்டு நடுவில் நிறை மாற்றப்பட்டால், ஏற்கெனவே கொட்டேஷன் கொடுத்து நிலுவையில் உள்ளவற்றுக்கு எந்த நிறை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

புதுப்பித்தலுக்கு வரவு உண்டா என்பதும் இங்கேயே முடிவாகிறது. புதிய வாடிக்கையாளருக்கு மட்டுமே வரவு என்றால், இருக்கும் வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

5. வாடிக்கையாளர் யாருடையவர்

தமிழ்ப் பிரதிநிதிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘வடக்கு கிழக்கு உங்களுக்கு, மொழி தெரியும், ஆள்களைத் தெரியும்’ என்று பிரதேசம் பிரித்துத் தருவார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருக்கும் வங்கி, காப்புறுதி நிறுவனம், சில்லறை வணிகச் சங்கிலி ஆகியவற்றின் கொள்வனவு பெரும்பாலும் கொழும்புத் தலைமை அலுவலகத்தில்தான் நடக்கிறது. வரவு இன்வொய்ஸ் முகவரிக்கு என்றால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கிளைக்குப் போய் அளவெடுத்து, முகாமையாளரோடு பேசி, தேவையை உருவாக்கியவர் நீங்களாக இருந்தாலும், வரவு கொழும்பு 1 அல்லது 2ஐப் பார்க்கும் பிரதிநிதிக்குப் போகும். பொருத்தப்படும் இடத்திற்கு என்றால் உங்களுக்கு வரும். இந்தப் பிரதேசத்தை ஏற்குமுன் கேட்க வேண்டியவை மூன்று: வரவு எந்த முகவரியைப் பின்பற்றும், தலைமை அலுவலகம் கொழும்பில் உள்ளவற்றுக்குப் பங்கு உண்டா, உள்ளூர்ச் சந்தையின் அளவுக்கு ஏற்ப இலக்கு குறைக்கப்பட்டிருக்கிறதா. கொழும்பு அளவு இலக்கோடு தரப்படும் வெளிமாவட்டப் பிரதேசத்தை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒரு விற்பனையில் இருவர் உழைத்தால் வரவை எப்படிப் பகிர்வது என்பதற்கும் விதி வேண்டும். பாதுகாப்பு மென்பொருள், வலையமைப்பு போன்றவற்றுக்குத் தனி நிபுணர் இருப்பார். 60க்கு 40 என்று பிரித்தால், நிபுணரை அழைத்த நொடியே உங்கள் வரவில் 40 சதவீதம் போய்விடும். ஆகவே அழைக்காமலே, முழுமையாகத் தெரியாத பொருளை விற்க முயல்வார்கள். இருவருக்கும் முழு வரவு என்றால் இயல்பாகவே சேர்ந்து போவார்கள். பிரிக்கும் விதி இருந்தால், வேலை தொடங்கும்போதே பங்கை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டளை வந்தபின் பேசினால் நட்பும் கெடும், பங்கும் குறையும்.

நீங்கள் சேரும் நிறுவனம் மறுவிற்பனையாளராயின், தயாரிப்பு நிறுவனத்தில் விற்பனை வாய்ப்பைப் பதிவுசெய்யும் முறை இருக்கும். முதலில் பதிந்த மறுவிற்பனையாளருக்கே சிறப்பு விலை. பதிவுக்குக் காலாவதித் திகதி உண்டு. அது கடந்துவிட்டால், மாதக்கணக்காக உழைத்த வாடிக்கையாளரை இன்னொரு நிறுவனம் குறைந்த விலையோடு கொண்டுபோகலாம். பதிவு எண்ணையும் காலாவதித் திகதியையும் உங்கள் நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்.

6. வரவும் வாடிக்கையாளரின் தேவையும் எதிரெதிரே இழுக்கும்போது

விதி உங்களை எங்கே தள்ளுகிறது என்று இப்போது உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். அப்படித் தள்ளப்படும்போது செய்யக்கூடியவை சில. கொட்டேஷனில் இரண்டு வழிகளையும், மூன்றாண்டு மொத்தச் செலவோடு, பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சேர்வர் என்றால் மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு ஒப்பந்தம். கிளவுட் என்றால் டொலர் மாற்றம், இணைய இணைப்பு. இவற்றையும் சேருங்கள். பொருந்தாத பொருளை வாங்கிய வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு புதுப்பிக்கமாட்டார். கொழும்பின் வங்கிகளிலும் ஆடைத் தொழில் நிறுவனங்களிலும் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், உங்கள் பெயர் உங்களுக்கு முன்பே அடுத்த கட்டடத்திற்குப் போய்விடும்.

ஒருபோதும் செய்யக் கூடாதது ஒன்று: ‘இப்போது கட்டளை தாருங்கள், பிடிக்காவிட்டால் பிறகு ரத்துச் செய்யலாம்’ என்று வாடிக்கையாளருக்குத் தனியாக வாக்குக் கொடுப்பது. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அது ஒப்பந்தத்திற்குப் புறம்பான வாக்குறுதி. கொமிஷன் திரும்ப எடுக்கப்படுவதோடு வேலையும் போகும். முகாமையாளரே அப்படிச் செய்யச் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த மின்னஞ்சல் எழுதப்படாமலே யோசனை கைவிடப்படும்.

7. நாட்காட்டி

உங்கள் நிறுவனத்தின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை இருக்கலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது தயாரிப்பு நிறுவனத்தின் நிதியாண்டு. மைக்ரோசொஃப்டுக்கு ஜூன் 30இல் முடிகிறது, ஒரக்கிளுக்கு மே 31இல், சிஸ்கோவுக்கு ஜூலை இறுதியில், எஸ்ஏபிக்கு டிசெம்பர் 31இல். அந்தந்த முடிவுக்கு முந்திய வாரங்களில் கேட்கும் சிறப்பு விலை எளிதில் கிடைக்கும். முடிந்த மறுவாரம் கேட்டால் கிடைக்காது. இலாப விதியுள்ள இடத்தில் இது உங்கள் பையையே தொடும் விடயம்.

வாடிக்கையாளர் பக்கத்திலும் காலம் பாருங்கள். அரச நிறுவனங்களின் வரவுசெலவு ஆண்டு டிசெம்பர் 31இல் முடிவதால் கடைசி மாதங்களில் கொள்வனவு கூடும். ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரங்களில் கையெழுத்திட ஆள் கிடைக்கமாட்டார். டிசெம்பர் இறுதியில் வங்கிகள் தங்கள் கணினி அமைப்புகளில் மாற்றம் செய்ய அனுமதிப்பதில்லை என்பதால், ஏற்புச் சான்றில் வரவு பெறுபவர் வங்கி வேலைகளை நவம்பருக்குள் முடிக்கத் திட்டமிட வேண்டும். முதல் காலாண்டு இலக்கு ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் பரவாயில்லை; ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால், புத்தாண்டும் வெசாக்கும் எடுத்துக்கொள்ளும் நாள்களை இலக்கு பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

8. கையில் வரும் தொகை

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் வருமான வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்திற்கு 6 சதவீதம், அடுத்து ஐந்து ஐந்து இலட்சமாக 18, 24, 30 சதவீதம், மீதிக்கு 36 சதவீதம். மாதச் சம்பளம் 150,000 ரூபாய் என்றால் விலக்கு அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே 12 இலட்சம் கொமிஷனில் முதல் 10 இலட்சத்திற்கு 60,000, மீதி 2 இலட்சத்திற்கு 36,000, மொத்தம் 96,000 ரூபாய் வரி. இது சம்பளத்திலிருந்தே முற்பணமாகக் கழிக்கப்படும். பெரிய கொமிஷன் வரும் மாதத்தில் கழிவும் பெரிதாக இருக்கும். திகைக்க வேண்டாம், ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டு முடிவில் வரி கழித்ததற்கான சான்றிதழை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவையுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்வழங்குநர் 3 சதவீதம். கொமிஷனும் சேமலாப நிதிக் கணக்கிற்குரிய வருமானத்தில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. 12 இலட்சம் கொமிஷனுக்கு உங்கள் பங்கு 96,000, நிறுவனத்தின் பங்குகள் 144,000உம் 36,000உம். கொமிஷனை வேறு பெயரில் எழுதி இந்தப் பங்கைத் தவிர்க்கிறார்களா என்று முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள்.

ஊழியராக அல்லாமல் ‘சுயாதீன முகவர்’ என்ற பெயரில் எடுத்தால் இந்த நிதிகள் எதுவும் இல்லை. மாதம் 100,000 ரூபாயைக் கடக்கும் சேவைக் கட்டணத்தில் 5 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். முகவருக்குத் தரும் கொமிஷன் வீதம் உயர்வாகத் தெரிந்தாலும் மேற்சொன்னவற்றைக் கழித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

போக்குவரத்து, வாகனத் தரிப்பிடக் கட்டணம், தொலைபேசி, தயாரிப்பு நிறுவனங்களின் சான்றிதழ்ப் பரீட்சைக் கட்டணம் ஆகியவற்றை யார் ஏற்பது என்பதையும் கேளுங்கள். பரீட்சைக் கட்டணத்தை நிறுவனம் கட்டினால் குறித்த காலம் விலகக் கூடாது என்ற உடன்படிக்கை கூடவே வரும்.

9. பதிவேடும் தகராறும்

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி வீதம் நீங்களே ஓர் அட்டவணை வைத்திருங்கள்: கட்டளைத் திகதி, வரி நீக்கிய தொகை, அடக்கவிலை தெரிந்தால் அது, பங்கு, இன்வொய்ஸ் திகதி, ஏற்புச் சான்றுத் திகதி, பணம் வந்த திகதி, எதிர்பார்க்கும் வரவு, அறிக்கையில் வந்த வரவு. வாடிக்கையாளரின் இரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டாம். அது தனிக் குற்றச்சாட்டாகிவிடும். திகதியும் தொகையும் போதும்.

கொமிஷன் அறிக்கையில் ஆட்சேபம் தெரிவிக்கப் பல திட்டங்கள் 30 நாள் போன்ற ஒரு காலக்கெடு வைக்கின்றன. அது கடந்தால் அறிக்கையை ஏற்றதாகக் கொள்ளப்படும். ஆகவே அறிக்கை வந்த வாரத்திலேயே ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திட்டத்தின் பிரிவு எண்ணோடு முகாமையாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். நேரில் பேசித் தீர்ந்தாலும், தீர்ந்ததை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

10. விலகும்போது

பல திட்டங்களில், கொமிஷன் வழங்கப்படும் நாளில் சேவையில் இருப்பவருக்கே அது உரியது என்ற வரி இருக்கும். பணம் வந்தபின் வரவு என்ற விதியோடு இது சேரும்போது, ஆறு மாத உழைப்பு பின்னால் வரும் பிரதிநிதிக்குப் போகலாம். ஆகவே விலகல் கடிதம் கொடுக்குமுன் நிலுவையிலுள்ள ஒவ்வொரு விற்பனையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று உங்கள் அட்டவணையில் பார்த்து, அறிவித்தல் காலத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். இறுதிக் கொடுப்பனவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்; ‘எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற படிவத்தை, கணக்கு உங்கள் அட்டவணையோடு பொருந்தும்வரை கையெழுத்திடாமல் வைத்திருங்கள். உழைத்து முடித்த கொமிஷனோ அதற்குரிய சேமலாப நிதிப் பங்கோ தரப்படாவிட்டால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ முறையிடலாம். நியமனக் கடிதம், கொமிஷன் திட்டம், இலக்குக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மாதாந்த அறிக்கைகள், ஆட்சேப மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் திகதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.